கர்த்தர் காத்திருந்த மலை



1881ஆம் ஆண்டு பிப்ரவரி 17ஆம் தேதி இந்தியாவெங்கும் குடிக்கணக்கு எடுக்கப்பட்டது. நம்முடைய சேலம் ஜில்லா அந்நாளில் மிகப் பெரியது. இன்றைய நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களெல்லாம் அதற்குள் அடங்கியிருந்தன. பத்தாண்டுகளுக்கு முன், 1871இல், இந்த ஜில்லாவில் எண்ணப்பட்டவர்கள் 19,66,995 பேர். 1881இல் எண்ணியபோது 15,99,595 பேரே இருந்தனர். ஏறத்தாழ ஐந்தில் ஒருவரைக் காணவில்லை. சிலர் பிழைப்புத் தேடி இலங்கைத் தோட்டங்களுக்கும் வேறு சீமைகளுக்கும் போயிருக்கலாம். ஆனால் பெரும்பாலோர் எங்கே போனார்கள் என்பதை நம்முடைய பாட்டன்மாரின் பாட்டன்மார் அறிந்திருந்தார்கள். அவர்கள் அதைத் தாது வருஷத்துப் பஞ்சம் என்றார்கள்.

அதே 1881ஆம் ஆண்டில், மேற்கு மலைகளுக்கு அப்பால் திருவிதாங்கூரில், கன்னேற்றி என்னும் ஊரை மையமாகக் கொண்ட ஒரு விசுவாசக் கூட்டத்தார் ஆண்டவருடைய வருகைக்காக வானத்தை நோக்கிக் காத்திருந்தார்கள். இந்த ஆண்டுக்குள் அவர் வந்தே தீருவார் என்று அவர்களுக்கு அறிவிக்கப்பட்டிருந்தது. ஆண்டு முடிந்தது. அவர்கள் எதிர்பார்த்தபடி ஒன்றும் நடக்கவில்லை.

ஒரே ஆண்டில் நிகழ்ந்த இவ்விரண்டையும் இந்த வாரம் அருகருகே வைத்துப் பார்க்கும்படி உங்களை அழைக்கிறேன். நம் சபையாரில் பலருக்கு இந்நாள்களில் கைப்பேசி வழியாக ஒரு தேதி வருகிறது. அது கடந்துபோனால் மற்றொரு தேதி வருகிறது. "ஐயா, அடையாளங்கள் எல்லாம் நிறைவேறிவிட்டனவே, இன்னும் ஏன் தாமதம்?" என்று வேதபாட வகுப்புக்குப் பின் கேட்கிறவர்களும் உண்டு. அந்தக் கேள்வியை நான் சிறிதாக எண்ணவில்லை. அப்போஸ்தலனாகிய பேதுருவின் காலத்திலேயே அது கேட்கப்பட்டது. ஆனால் அது பரியாசக்காரரின் வாயிலிருந்து வருவதற்கும், பசித்தவனின் வாயிலிருந்து வருவதற்கும் வேறுபாடு உண்டு. முதலில் பசித்தவனிடம் போவோம்.

யாக்கோபு தன் நிருபத்தின் ஐந்தாம் அதிகாரத்தில், ஆண்டவரின் வருகைக்காகக் காத்திருப்பவனைப் பயிரிடுகிறவனுக்கு ஒப்பிடுகிறான். முன்மாரியும் பின்மாரியும் வருமளவும் அவன் பொறுத்திருக்கிறான் என்கிறான். நம் பகுதியின் மானாவாரி விவசாயிக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஆவணி, புரட்டாசியில் இடியோடு வரும் மழையில் ஒரு பங்கு. ஐப்பசி, கார்த்திகையில் மற்றொரு பங்கு. ஒன்று பொய்த்தால் மற்றொன்று காப்பாற்றும் என்பதே நம் மேட்டு நிலங்களின் கணக்கு. 1876இல் தென்மேற்குப் பருவமழை குறைந்தது. வடகிழக்குப் பருவமழையும் பொய்த்தது. யாக்கோபின் விவசாயி காத்திருந்த இரண்டு மழையும் வரவில்லை.

அதற்குப் பின் நடந்ததை மழையின்மீது மட்டும் சுமத்த முடியாது. 1877ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதி டில்லியில் மாபெரும் தர்பார் கூட்டி, விக்டோரியா ராணி இந்தியாவின் சக்கரவர்த்தினி என்று அறிவித்து, வைஸ்ராய் லிட்டன் பிரபு விருந்து நடத்தினார். அதே மாதத்தில், செலவைக் குறைக்கும்படி சென்னை மாகாணத்துக்கு அனுப்பப்பட்ட சர் ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலை செய்யும் மனிதனுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியம் போதும் என்று கூலியைக் குறைத்தார். ஒரு பவுண்டு என்றால் அரைக் கிலோவுக்கும் குறைவு. அதனோடு சிறிது சில்லறைக் காசு. நாள் முழுவதும் மண் சுமந்து கல் உடைப்பவனுக்கு அவ்வளவுதான். சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ் என்பவர், இந்த அளவில் உழைப்பவன் உயிர் வாழ முடியாது என்று வாதாடினார். சில மாதங்கள் கழித்தே அளவு உயர்த்தப்பட்டது. இந்தக் காலத்திலும் இந்தியாவிலிருந்து தானியம் ஏற்றிய கப்பல்கள் சீமைக்குப் புறப்பட்டுக்கொண்டேயிருந்தன.

வெளிப்படுத்தின விசேஷத்தின் ஆறாம் அதிகாரத்தில் கறுப்புக் குதிரையின்மேல் வருகிறவன் கையில் ஒரு தராசைப் பிடித்திருக்கிறான். ஒரு நாள் கூலிக்கு ஒரு படி கோதுமை என்ற விலை அங்கே கூறப்படுகிறது. எண்ணெயும் திராட்சரசமும் சேதப்படாதிருக்க வேண்டும் என்ற கட்டளையும் அங்கே உண்டு. ஏழையின் தானியம் நிறுத்து அளக்கப்படும், செல்வனின் பந்தி குறையாது. அந்த அதிகாரத்தை 1877இல் சேலத்தில் வாசித்த ஒரு கிறிஸ்தவன், முடிவு வந்துவிட்டது என்று எண்ணியிருந்தால் நான் அவனைக் குறைசொல்ல மாட்டேன். லண்டன் மிஷன் சங்கத்தார் 1827 முதல் சேலத்தில் ஊழியம் செய்துவந்தனர். பஞ்சம் வந்தபோது இங்கே சபை இருந்தது, வேதம் இருந்தது, அதை வாசிக்கத் தெரிந்தவர்களும் இருந்தனர். இரத்தசாட்சிகளின் ஆத்துமாக்கள் பலிபீடத்தின்கீழிருந்து "இன்னும் எவ்வளவு காலம்?" என்று கதறுவதும் அதே ஆறாம் அதிகாரத்தில்தான். பொறுமையைப் பற்றிப் பிரசங்கிப்பவர்கள் அந்தக் கதறலை விட்டுவிட்டுப் பிரசங்கிக்கலாகாது. தேவனுடைய நீடிய பொறுமை என்று நாம் சொல்லும்போது, ஒரு பவுண்டுக் கூலியையும் அவர் பொறுத்துக்கொண்டார் என்பதும் அதற்குள் வந்துவிடுகிறது. அது எளிதில் விழுங்கக்கூடிய உபதேசமல்ல.

இப்போது கன்னேற்றிக்கு வருவோம். அந்தக் கூட்டத்தின் தலைவர் ஜஸ்டஸ் ஜோசப். தமிழ்ப் பிராமணக் குடும்பத்தவர். 1861இல் குடும்பத்தாரோடு ஞானஸ்நானம் பெற்று, சி.எம்.எஸ். மிஷனில் குருவானவராக ஊழியம் செய்தவர். கற்றவர், இசையறிந்தவர். அவர் மலையாளத்தில் இயற்றிய ஞானப்பாட்டுகள் இன்றும் கேரள சபைகளில் பாடப்படுகின்றன. 1870களில் திருவிதாங்கூரில் பரவிய எழுப்புதலின் வேர் நம் தமிழ்நாட்டில் இருந்தது. திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த ஜான் கிறிஸ்டியன் அருளப்பன், அந்தோணி நாரிஸ் குரோவ்ஸ் என்னும் மிஷனெரியின் சீடர். மிஷன் சம்பளத்தைச் சாராமல் ஊழியம் செய்தவர். அவர் அமைத்த கிறிஸ்டியான்பேட்டையில் 1860இல் பெரிய எழுப்புதல் உண்டாயிற்று. அருளப்பன் 1867இல் மரித்தபின், அவருடைய வழியில் வந்தவர்கள் மூலமாக அந்த அனல் மலை தாண்டிற்று. பாவ அறிக்கையும் கண்ணீரும் மன்னிப்பும் நிறைந்த உண்மையான அனல் அது. சாதி பாராமல் ஒன்றாக உட்கார்ந்து உண்டார்கள் என்றால், அந்தக் காலத் திருவிதாங்கூரில் அது எவ்வளவு பெரிய காரியம் என்று எண்ணிப்பாருங்கள்.

1875இல் அதற்குள் ஒரு கணக்கு புகுந்தது. இன்னும் ஆறு ஆண்டுகளில் ஆண்டவர் வருவார் என்று தீர்க்கதரிசனம் உரைக்கப்பட்டது. ஜஸ்டஸ் ஜோசப் அதை ஏற்றுப் பிரசங்கித்தார். ஆறு வருஷக்காரர் என்றே அவர்களுக்குப் பெயர் வந்தது. 1881 கடந்தபோது சிலர் பழைய சபைகளுக்குத் திரும்பினார்கள். மற்றவர்கள் வருகை கண்ணுக்குத் தெரியாமல் நிறைவேறிவிட்டது என்று பொருள் கூறி, யுயோமயம் என்ற தனி மார்க்கமாய் ஒதுங்கினார்கள். அமெரிக்காவில் வில்லியம் மில்லரைப் பின்பற்றியவர்கள் 1844 அக்டோபர் 22ஆம் தேதியைக் குறித்துக் காத்திருந்து ஏமாந்ததும் இதைப்போன்றதே. ஆகவே இதைக் கேரளத்தாரின் தவறு என்றோ, கல்லாதவர்களின் தவறு என்றோ எவரும் ஒதுக்கிவிட வேண்டாம்.

தேதி குறிப்பதில் உள்ள பிழை எது? பிதா ஒருவரைத் தவிர எவரும் அந்த நாளை அறியார் என்று ஆண்டவரே சொன்னதை மீறுவது முதற்பிழை. அதை நீங்கள் அறிவீர்கள். ஆனால் நான் சுட்டிக்காட்ட விரும்புவது வேறொன்று. ஒரு தேதியைக் குறிக்கிறவன், அந்தத் தேதிக்குப் பின் பிறக்கிறவர்களையும் மனந்திரும்புகிறவர்களையும் தன் கணக்கிலிருந்து நீக்கிவிடுகிறான். அவர்கள் இல்லாமலேயே அவனுக்குப் பரலோகம் நிறைந்துவிடுகிறது.

பேதுரு தன் இரண்டாம் நிருபத்தின் மூன்றாம் அதிகாரத்தில் இதற்குத்தான் பதில் சொல்கிறான். கர்த்தருக்கு ஆயிரம் வருஷம் ஒரு நாளைப்போலவும், ஒரு நாள் ஆயிரம் வருஷத்தைப்போலவும் இருக்கிறது என்பதை மட்டும் எடுத்துக்கொண்டு, அவருடைய கடிகாரம் வேறு, நம்முடைய கடிகாரம் வேறு என்று முடித்துவிடுவது நம் வழக்கம். பேதுரு அங்கே நிறுத்தவில்லை. அடுத்த வசனத்திலேயே காரணத்தைச் சொல்கிறான். ஒருவரும் கெட்டுப்போவது அவருக்கு விருப்பமில்லை. எல்லாரும் மனந்திரும்பும்படி அவர் பொறுத்திருக்கிறார். நாம் தாமதம் என்று பெயரிடுகிற காலம் யாரோ ஒருவருக்காக வைக்கப்பட்டிருக்கிறது. நம்மில் சிலர் காலையில் "ஆண்டவரே, சீக்கிரம் வாரும்" என்று ஜெபிக்கிறோம். அதே நாளின் இரவில், சபையை விட்டுப்போன மகனுக்காகவோ, குடியில் கிடக்கும் கணவனுக்காகவோ, "இவனை இரட்சியாமல் என்னை எடுத்துக்கொள்ளாதேயும்" என்றும் ஜெபிக்கிறோம். இந்த இரண்டு ஜெபங்களும் ஒன்றோடொன்று போராடுகின்றன என்பதை அந்தத் தாய்மார் அறியாதவர்களல்லர். இருபது வருஷம் அப்படி ஜெபித்த ஒருவருக்குத் தாமதம் என்ற சொல்லின் பொருள் வேறு.

"பொறுத்தல்" என்ற நம் சொல்லே சுமப்பதைக் குறிக்கும். பொறை என்றால் பாரம். திருவள்ளுவர் பொறையுடைமை அதிகாரத்தில் நிலத்தை உவமை காட்டியதை நீங்கள் அறிவீர்கள். பொறுமையுள்ளவன் சும்மா இருக்கிறவன் அல்லன். அவன்மேல் ஒரு பாரம் இருக்கிறது. நாமக்கல் பக்கத்து லாரி ஓட்டுநர் வீடுகளில் இதைப் பார்க்கலாம். லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே போனவர் எந்த நாளில் திரும்புவார் என்பது வீட்டாருக்குத் தெரியாது. அதற்காக அந்த வீட்டுப் பெண் அடுப்பை அணைத்துவிட்டு வாசலில் உட்கார்ந்திருப்பதில்லை. பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புகிறாள், தவணை கட்டுகிறாள், மாமியாருக்கு மருந்து வாங்குகிறாள். அரையைக் கட்டி, விளக்கை எரியவைத்துக் காத்திருக்கும் ஊழியக்காரரைப் பற்றி ஆண்டவர் லூக்காவின் பன்னிரண்டாம் அதிகாரத்தில் சொன்னது ஏறக்குறைய இதுதான்.

இந்தப் பொறுமையை நம் பகுதியில் ஒரு தம்பதி எப்படிச் சுமந்தார்கள் என்று இனிச் சொல்கிறேன். அவர்கள் பெயரைக் கேள்விப்பட்டவர்கள் உங்களில் இருப்பீர்கள். ஆனால் தம்பதியின் மகன் அடைந்த புகழ் அவர்கள் கதையை மறைத்துவிட்டது.

ஜெஸ்ஸி பிராண்ட் 1907இல் இங்கிலாந்திலிருந்து ஸ்டிரிக்ட் பாப்டிஸ்ட் மிஷன் ஊழியராய்ச் சேந்தமங்கலம் வந்தார். வருமுன் வெப்பநாட்டு நோய்களுக்கான மருத்துவப் பயிற்சி பெற்றிருந்தார், ஆனால் பட்டம் பெற்ற மருத்துவர் அல்லர். சேந்தமங்கலத்திலிருந்து கிழக்கே பார்த்தால் கொல்லிமலை சுவர்போல் எழுந்து நிற்கும். இன்று காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட சாலையில் மேலே போய்விடுகிறோம். அன்று ஒற்றையடிப் பாதைதான். மேலே வாழ்ந்த மலையாளி இன மக்களுக்கு மருத்துவமும் இல்லை, பள்ளியும் இல்லை. மலைக்காய்ச்சலுக்குப் பயந்து சமவெளி மக்கள் அங்கே இரவு தங்கத் துணியமாட்டார்கள். ஈவ்லின் ஹாரிஸ் என்பவர் லண்டனில் வசதியான குடும்பத்தில் பிறந்து ஓவியம் பயின்றவர். ஜெஸ்ஸியைவிட ஆறு வயது மூத்தவர். 1913 ஆகஸ்டில் இருவருக்கும் சேந்தமங்கலத்தில் திருமணம் நடந்தது. அன்றே கொட்டும் மழையில் மலையேறிப் போனார்கள். மறு ஆண்டு ஜூலையில் அவர்கள் மகன் பால் பிறந்தான். அதே மாதத்தின் இறுதியில் ஐரோப்பாவில் முதல் உலகப்போர் மூண்டது.

அந்தப் போர்க் காலத்தில் முடிவைப் பற்றிய எதிர்பார்ப்பு உலகெங்கும் பொங்கிற்று. 1917 நவம்பரில் யூதருக்குப் பாலஸ்தீனத்தில் தாயகம் என்ற பால்ஃபர் அறிக்கை வெளிவந்தது. டிசம்பர் 11ஆம் தேதி ஜெனரல் ஆலன்பி எருசலேமுக்குள் நடந்து நுழைந்தார். அந்த ஆண்டிலேயே லண்டனில் எஃப். பி. மேயர் முதலிய பெயர்பெற்ற போதகர்கள் கூடி, புறஜாதியாரின் காலம் முடிவடைகிறது, ஆண்டவருடைய வருகை சமீபம் என்று அறிக்கை வெளியிட்டார்கள். அவர்கள் உண்மையுள்ள மனிதர்கள். தேதி குறித்தவர்களும் அல்லர். அன்று நானும் அங்கே இருந்திருந்தால் அந்த அறிக்கையில் கையெழுத்திட்டிருப்பேன் என்றே நினைக்கிறேன்.

அந்த ஆண்டுகளில் கொல்லிமலையில் ஜெஸ்ஸி செய்த வேலைகளில் ஒன்று நரம்புச் சிலந்திப் புழுவை எடுப்பது. இந்த நோயை இன்றைய தலைமுறை அறியாது. அசுத்தமான குடிநீர் வழியாக உடலுக்குள் போகும் புழு, ஏறத்தாழ ஓராண்டுக்குப்பின், முழ நீளத்துக்கும் மேல் வளர்ந்து, காலில் புண்ணை உண்டாக்கி வெளியே தலைகாட்டும். அதைப் பிடித்து இழுத்தால் அறுந்துபோகும். உள்ளே நின்ற பகுதி சீழ்பிடித்துக் காலையே கெடுத்துவிடும். ஒரு குச்சியில் சுற்றி, நாளொன்றுக்குச் சிறிதளவாய், நாள்கணக்கில் இழுக்கவேண்டும். ஜெஸ்ஸி அப்படிச் சுற்றியெடுத்தார். பின்பு நோயின் ஊற்றைத் தேடி, ஜனங்கள் காலோடு இறங்கித் தண்ணீர் மொண்ட கிணறுகளுக்குச் சுவர் எழுப்பச்செய்தார். தச்சுவேலை கற்றுக்கொடுத்தார், பள்ளி நடத்தினார், பழமரம் நட்டார். மலைவாசிகளின் வழக்குகளுக்காக அதிகாரிகளிடம் போய்ப் பேசினார். நாளை ஆண்டவர் வரலாம் என்று விசுவாசித்த மனிதர், பல ஆண்டு கழித்துக் காய்க்கும் மரத்தை நட்டார். இதில் முரண்பாடு இருப்பதாக அவருக்குத் தோன்றவில்லை.

சபையைப் பொறுத்தவரை பலன் எதுவும் தெரியவில்லை. மருந்துக்கு வந்தார்கள், பிள்ளைகளின் சுகத்துக்கு வந்தார்கள், நன்றியோடு திரும்பிப்போனார்கள். ஞானஸ்நானத்துக்கு மலைவாசி ஒருவரும் வரவில்லை. குலதெய்வத்தின் பூசாரி எதிர்த்து நின்றார். அந்த மனிதரையும் நாம் நியாயமாக நினைக்கவேண்டும். தன் ஜனத்தின் தெய்வத்தைக் காப்பது தன் கடமை என்றே அவர் எண்ணியிருப்பார். பிழைப்பும் அதில் அடங்கியிருந்தது. ஐந்து ஆண்டுகளுக்கு மேல் இப்படியே கழிந்தன. ஊழிய அறிக்கையில் எழுத எண்ணிக்கை இல்லாத ஐந்து ஆண்டுகள் என்றால் என்னவென்று, சிறு சபை நடத்துகிற எந்தப் போதகரையும் கேளுங்கள்.

பின்பு இன்புளுயென்சா வந்தது. 1918இல் தொடங்கி இந்தியாவில் ஒரு கோடிக்கும் அதிகமானோரைக் கொன்ற கொள்ளைநோய் கொல்லிமலையிலும் ஏறிற்று. நோயுற்றவர்களை அண்டவும் உறவினர் அஞ்சினர். பிராண்ட் தம்பதி கஞ்சி காய்ச்சி எடுத்துக்கொண்டு வீடு வீடாய்ப் போனார்கள். பூசாரியும் அவர் மனைவியும் விழுந்தார்கள். அவர்கள் வீட்டுக்கும் கஞ்சி போயிற்று. பூசாரி சாகும்நேரத்தில், தன்னை ஒருவரும் அணுகாதபோது வந்தவர்கள் இவர்களே என்று சொல்லி, தன் மகனையும், நோஞ்சானாய்க் கிடந்த கைக்குழந்தை மகளையும் ஜெஸ்ஸியிடமும் ஈவ்லினிடமும் ஒப்படைத்தார். பெண்குழந்தைக்கு ரூத் என்று பெயரிட்டு வளர்த்தார்கள். அந்த மரணத்துக்குப் பின்புதான் மலைவாசிகள் ஒவ்வொருவராய் வரத் தொடங்கினர். வாழவந்தியில் சபை உருவாயிற்று.

பிரியமானவர்களே, இப்போது 1881க்குத் திரும்பிப் பாருங்கள். கன்னேற்றியில் காத்திருந்தவர்களின் விருப்பப்படி அந்த ஆண்டில் யாவும் முடிந்திருந்தால், அந்தக் குழந்தை பிறந்திராது. 1917இல் லண்டனில் எதிர்பார்க்கப்பட்டபடி உடனே முடிந்திருந்தால், பூசாரி எதிரியாகவே முடிந்திருப்பார். இதை எழுதும் நானும் வாசிக்கும் நீங்களும் எந்தக் கணக்கிலும் வந்திருக்கமாட்டோம். தாது வருஷத்தில் கதறியவர்களுக்கு இது பதிலாகுமா என்று கேட்பீர்களானால், ஆகாது. பஞ்சத்தில் செத்த பிள்ளையின் தாயிடம் போய், பிற்காலத்தில் பிறக்கப்போகிற ஒருவனுக்காக இது நடக்கிறது என்று சொல்ல எனக்கு வாய் இல்லை. அப்படிச் சொல்லும்படி வேதமும் என்னை அனுப்பவில்லை. பேதுரு சொன்ன நீடிய பொறுமை பாவிக்கு மனந்திரும்பக் கொடுக்கப்பட்ட தவணை. அது தானியத்தைக் கப்பலேற்றியவனுக்கும் கொடுக்கப்பட்டது. அவன் அதை எப்படிச் செலவிட்டான் என்பது நியாயாசனத்தின்முன் கேட்கப்படும் கேள்வி. பலிபீடத்தின்கீழ்க் கதறியவர்களுக்குத் தரப்பட்டது ஒரு வெள்ளை அங்கியும், இன்னும் கொஞ்சக்காலம் என்ற வார்த்தையுமே. அந்தக் கதறல் தவறென்று யோவான் எங்கும் எழுதவில்லை.

பேதுருவின் அதே அதிகாரம், பூமியும் அதிலுள்ள கிரியைகளும் எரிந்துபோவதைப் பற்றியும் பேசுகிறது. எரிந்துபோகும் பூமியைப் பேணுவது எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. பால் பிராண்ட் பிற்காலத்தில் எழுதிய ஒரு சிறுவயது நினைவு இங்கே என் மனத்துக்கு வருகிறது. கொல்லிமலையின் படிக்கட்டு வயல்களில் அவனும் மலைச் சிறுவர்களும் தவளை பிடித்து விளையாடிச் சேறு கலக்கினார்கள். வயலைக் காவல்காத்த முதியவர் ஒருவர், தாத்தா என்றே எல்லாரும் அழைப்பவர், அங்கே வந்தார். அடிக்கவில்லை. கீழ்வயலுக்கு வழிந்தோடிய தண்ணீரில் கைவிட்டு ஒரு பிடிச் சேற்றை அள்ளிக் காட்டினார். இந்த மண்தான் ஆண்டுதோறும் சோறு தருகிறது. வழிந்தோடும் தண்ணீர் பழுப்பாய்ப் போனால் உங்கள் சோறு போகிறது என்று பொருள். போன மண் மலையேறித் திரும்பிவராது என்று விளக்கினார். அந்த முதியவர் கிறிஸ்தவர் அல்லர். ஏதேன் தோட்டத்தைப் பண்படுத்தவும் காக்கவும் மனிதனுக்குக் கொடுக்கப்பட்ட கட்டளையை, அதை வாசித்திராத ஒருவர் நன்றாக அறிந்திருந்தார். வருகைக்குக் காத்திருக்கும் நமக்கு அவர் ஆசிரியராயிருக்கத் தடையில்லை.

பிராண்ட் தம்பதி 1923இல் பிள்ளைகளைக் கல்விக்காக இங்கிலாந்தில் விட்டு, தாங்கள் மட்டும் திரும்பினார்கள். தகப்பனும் மகனும் அதன்பின் கடிதத்தில்தான் பேசிக்கொண்டார்கள். 1929 ஜூன் 15ஆம் தேதி, கருநீர்க் காய்ச்சலினால் ஜெஸ்ஸி பிராண்ட் மலையிலேயே மரித்தார். வயது நாற்பத்து நான்கு. செய்தி தந்தியில் விரைந்து போயிற்று. கடிதமோ கப்பலில் மெதுவாய்ப் போகும். ஆகவே தகப்பன் இறந்த செய்தி வந்தபின்னும் தகப்பனின் கையெழுத்துக் கடிதம் மகனுக்கு வந்துசேர்ந்தது. பதினான்கு வயதுப் பையன் அதைப் பிரித்து வாசித்தான். அவன்தான் பின்பு வேலூருக்கு வந்து, தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களை அறுவைச் சிகிச்சையால் நிமிர்த்திய டாக்டர் பால் பிராண்ட்.

ஈவ்லின் விதவையாய்த் திரும்பிவந்தார். மிஷன் அவரைச் சமவெளியில் வேலைக்கு அமர்த்திற்று. கீழேயிருந்து மலையைப் பார்த்துக்கொண்டு வேலை செய்தார். அறுபத்தெட்டாம் வயதளவில் மிஷன் அவருக்கு ஓய்வு கொடுத்தது. ஓய்வு பெற்றவர் எங்கே வேண்டுமானாலும் வாழலாம் அல்லவா? அவர் கொல்லிமலைக்கு ஏறிப்போனார். தானே ஒரு குடிலில் தங்கி, மட்டக்குதிரையின்மேல் ஊர் ஊராய்ப் போய் மருந்து கொடுத்தார், சுவிசேஷம் சொன்னார். பச்சைமலைக்கும் கல்வராயன் மலைக்கும் போனார். ஜெஸ்ஸியும் அவரும் புதுமணத் தம்பதியாய்ச் சேர்ந்து எண்ணியிருந்த மலைகள் அவை. எண்பது வயதுக்கு மேலும் விழுந்து எலும்பு முறிந்து, கம்பு ஊன்றி மறுபடியும் போனார். குச்சியில் சுற்றியெடுத்த நரம்புச் சிலந்திப் புழு நோயை அவரும் விடாமல் எதிர்த்தார். இந்தியா முழுவதும் அந்த நோய் ஒழிந்துவிட்டது என்று உலக சுகாதார நிறுவனம் சான்றளித்த 2000ஆம் ஆண்டைக் காண அவர் இல்லை.

1974 டிசம்பரில், தொண்ணூற்றைந்தாம் வயதில் ஈவ்லின் பிராண்ட் சமவெளியில் மரித்தார். உடலை மலைமேல் கொண்டுபோய், வாழவந்தியில் ஜெஸ்ஸியின் கல்லறைக்கு அருகே அடக்கம்பண்ணினார்கள். அவர் அங்கே நாற்பத்தைந்து ஆண்டுகளாக உயிர்த்தெழுதலுக்குக் காத்திருந்தார். இப்போது இருவரும் காத்திருக்கிறார்கள். சோளக்காட்டுச் சந்தைக்கு அன்னாசியும் மிளகும் வாங்கப் போகிறவர்கள், பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு வாழவந்திக்கும் போய்வாருங்கள்.